பழைய கார் மிஸ் அடிக்குதா? பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க!

லட்சம் கிலோமீட்டர் தாண்டின உங்க பெட்ரோல் கார் சிக்னல்ல நிக்கும்போது உதறுதா? "பிளக், காயில், இன்ஜெக்டர் எல்லாத்தையும் மாத்திடலாம் சார்"னு மெக்கானிக் சொன்னா, உடனே தலையாட்டாதீங்க.

முதல்ல ஓபிடி ஸ்கேனர்ல கோடு பாருங்க. பி0302 வந்தா, 2வது சிலிண்டர் மிஸ் ஆகுதுன்னு அர்த்தம். எந்த பார்ட் போச்சுன்னு அது சொல்லாது. சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கிற இன்ஜின்னா, 2வது காயிலை 3வதோட இடம் மாத்தி, கோடை அழிச்சிட்டு ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. பி0303 வந்தா காயில்தான் காரணம். அதை மட்டும் மாத்தினா போதும். கோடு மாறலையா? பிளக்கையும் இதே மாதிரி மாத்திப் பாருங்க. அதுவும் இல்லைன்னா இன்ஜெக்டர், கம்ப்ரஷன் டெஸ்ட். கம்ப்ரஷன் குறைவா இருந்தா இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரலாம். அந்தச் செலவையும் காரோட ரீசேல் விலையையும் பக்கத்துல வெச்சுப் பார்த்து முடிவெடுங்க.

செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிஞ்சா மட்டும் உடனே ஓரங்கட்டுங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் காலி பண்ணிடும். அப்புறம் செலவு பல மடங்கு!