இளவரசனை வளர்க்கும் கணக்கு

அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் மண்ணை அகற்றி வெளிப்படுத்தியிருக்கும் செங்கற் சுவர்களுக்கிடையே சோழர் அரண்மனை இருந்ததென்பதும், ஏறக்குறைய 250 ஆண்டுக் காலம் ஒரு சாம்ராஜ்யம் அங்கிருந்தே ஆளப்பட்டதென்பதும் தமிழ் வாசகர்கள் அறிந்த செய்திகளே. அந்தச் சாம்ராஜ்யத்தைக் கணினித் திரையில் நடத்திப் பார்க்கும் இளைஞர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்பதோ சிலருக்குப் புதுமையாகத் தோன்றக்கூடும். ஸ்வீடன் நாட்டு நிறுவனமொன்று 2020-ல் வெளியிட்ட ‘க்ரூசேடர் கிங்ஸ் 3’ என்னும் விளையாட்டின் தேசப்படத்தில் தமிழகமும் இடம்பெற்றிருக்கிறது. ஆட்டம் தொடங்கும் ஆண்டுகளுள் ஒன்றான 1066, சரித்திரப்படி வீரராஜேந்திரன் அரியணையில் இருந்த ஆண்டு.

விளையாட்டை உருவாக்கியவர்கள் எழுதிவைத்த விதிகளை ரசிகர்களே திருத்தியும் கூட்டியும், வேறொரு தேசத்துக்கும் காலத்துக்கும் ஏற்றபடி அமைத்துக்கொள்ளும் வடிவத்துக்கு ‘மாட்’ என்று பெயர். விதிகளிற் பெரும்பகுதி சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே இருப்பதால், நிரலெழுதும் வித்தையில் கரைகண்டிராதவரும் பொறுமை ஒன்றையே மூலதனமாகக் கொண்டு இக்காரியத்தில் இறங்கிவிடலாம். புலிக்கொடி வரைவதும் காவிரிக்கு நீலம் தீட்டுவதும் சில நாட்களில் முடிந்துவிடும். ராஜகுமாரன் ஒருவன் எப்படி வளர்ந்து எப்படிப்பட்ட மனிதனாகிறான் என்பதற்கு விதி எழுதுவதில்தான் மாட் செய்பவரின் சாமர்த்தியம் பரீட்சைக்கு வருகிறது.

இதற்கு இரண்டு மார்க்கங்கள் ஏற்கெனவே உண்டு. ஆஸ்திரேலியாவில் உருவாகி 2006-ல் வெளிவந்த ‘மெடீவல் 2: டோட்டல் வார்’ செயலிலிருந்து குணத்தைப் பிறப்பிக்கிறது: போரில் பிடிபட்ட கைதிகளை விடுதலை செய்யும் தளபதி மெல்ல மெல்லப் பெருந்தன்மையாளன் என்று பெயரெடுக்கிறான், கொன்று குவிப்பவனுக்குக் கொடியவன் என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே நடப்பது எளிய கணக்கு. ஒவ்வொரு செயலும், அதற்கென்று விதித்த சதவீத வாய்ப்பின்படி, ஒரு குணத்துக்குப் புள்ளி சேர்க்கும்; புள்ளிகள் குறித்த எல்லையைத் தாண்டியதும் குணம் அடுத்த படிக்கு ஏறும். ‘க்ரூசேடர் கிங்ஸ் 3’ எதிர்த் திசையிலிருந்து வருகிறது. அதில் குழந்தைக்கு முதலில் ஒரு சுபாவம் தோன்றும். அச்சுபாவத்துக்கு இசைந்த கல்வியே சுலபமாகப் படியும். முரட்டுப் பிள்ளைக்கு யுத்தமும் சூழ்ச்சியும், சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் பிள்ளைக்கு நிர்வாகமும் சாஸ்திரமும் எளிதில் வரும். வளர்ந்த பிறகு, தன் குணத்துக்கு மாறான காரியத்தைச் செய்பவனுக்கு மனவுளைச்சல் ஏறும். இரக்கமுள்ளவன் கைதியின் தலையை வாங்கினால், அரசியல் லாபம் எவ்வளவு இருந்தாலும், உள்ளுக்குள் அதற்கு விலை கொடுத்தே தீரவேண்டும். இவ்விரு விளையாட்டுகளிலும் என் மனத்தை மிகவும் கவர்ந்த விதி இதுதான். குணமென்பது வெறும் பட்டமாக நின்றுவிடாமல், ஆட்டக்காரரின் கையையே பிடித்து இழுக்கும் சக்தியாக இங்கே வேலை செய்கிறது.

இவையெல்லாம் மேனாட்டார் புதிதாகக் கண்டுபிடித்தவை என்று எண்ணவேண்டியதில்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இளவரசனின் பயிற்சியைப் பேசும்போது, தகுந்த பாத்திரத்தையே பயிற்சி பண்படுத்தும், தகாததைப் பண்படுத்தாது என்று வரையறுத்துவிட்டு, ராஜபுத்திரர்களை மூன்று வகையாகவும் பிரித்துக் காட்டுகிறது: கற்றதை உணர்ந்து நடப்பவன், உணர்ந்தும் நடவாதவன், கேடொன்றையே நாடுபவன். காலையில் யானை, குதிரை, தேர், ஆயுதப் பயிற்சிகள், பிற்பகலில் இதிகாசங்கள், பொருளியலுக்கு ஆசிரியர்களாக அந்தந்த இலாகாவின் அத்தியட்சர்கள் என்று நித்திய அட்டவணையே அதில் உண்டு. பிரமசரியத்தின் எல்லை பதினாறு வயது என்கிறது அந்நூல். ‘க்ரூசேடர் கிங்ஸ் 3’-லும் குழந்தைப் பருவம் பதினாறில்தான் முடிகிறது! தற்செயலான ஒற்றுமைதான்; ஆயினும் மாட் செய்பவருக்கு ஒரு விதி மிச்சம்.

ஆனால், சோழர் மாட் ஒன்றுக்கு அர்த்தசாஸ்திரத்தின் பள்ளி அட்டவணை மட்டும் போதாது என்பதே என் துணிபு. சோழர் குலத்தில் இளவரசனுக்குப் பள்ளிக்கூடம் பதவியே. ராஜராஜன் 1012-ல் தன் மகனை உடனாளும் அரசனாக அமர்த்திக்கொண்டான். அந்த மகன் ராஜேந்திரனோ 1018-லேயே ராஜாதிராஜனைத் தன்னோடு முடிசூட்டி, 1044 வரை இருபத்தாறு ஆண்டுகள் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆண்டான். இன்னொரு மகன் சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு மதுரைக்கு அனுப்பப்பட்டான். ஆகவே மாட்டில் பயிற்சியென்பது, பட்டியலிலிருந்து ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் காரியமாயிராமல், பிள்ளையை எங்கே, யாரோடு, எவ்வளவு காலம் அனுப்புவது என்ற தீர்மானமாக அமையவேண்டும்.

ஓர் உதாரணத்தை அருகிலிருந்து பார்ப்போம். அஞ்சாமையும் அவசரமும் சுபாவமாகக் கொண்ட பன்னிரண்டு வயது இளவரசனை மேலைச் சாளுக்கிய எல்லையில் ஒரு சேனாபதியிடம் ஒப்படைக்கிறோம். படையெடுப்பு நடக்கும் ஒவ்வோர் ஆண்டும் அவனுக்கு வீரப் புள்ளி ஒன்று சேர நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு; ஒரு புள்ளியில் முதற்படி, இரண்டில் இரண்டாம் படி, நான்கில் மூன்றாம் படி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் படியை எட்டியவன் படையின் முன்னணியில் தானே யானையேறிச் செல்வான். சேனையின் ஊக்கம் உயரும், அவன் உயிருக்கு ஆபத்தும் அதே அளவில் உயரும். அந்த ஆண்டுகளில் அவனை மதுரைக்கு அனுப்பியிருந்தால் வீரம் மந்தமாக வளர்ந்திருக்கும்; வரிக்கணக்கும் வழக்கு விசாரணையும் அவன் சுபாவத்தோடு மல்லுக்கட்டி மனவுளைச்சலைக் கூட்டியிருக்கும்; ஆனால் நிதானமென்ற ஒன்று அவனுக்கு வாய்த்திருக்கும். 1054-ல் கொப்பத்துப் போரில் யானைமேல் அமர்ந்தபடியே மாண்ட ராஜாதிராஜனையும், நிலைகுலைந்த சேனையைத் திரட்டி வென்று போர்க்களத்திலேயே முடிசூட்டிக்கொண்ட தம்பி இரண்டாம் ராஜேந்திரனையும் ஒருங்கே நினைத்துப் பார்ப்பவர்களுக்கு, இத்தகைய விதியின் தேவையை நான் விளக்கவேண்டியதில்லை.

பயிற்சி தரும் பாதுகாவலனின் குணமும் பிள்ளையிடம் ஒட்டவேண்டும். இதற்கும் அரியலூர் மாவட்டமே ஆள் தருகிறது. கீழப்பழுவூர், மேலப்பழுவூர் வட்டாரத்தை ஆண்ட பழுவேட்டரையர்கள் சோழரோடு பெண் கொடுத்துச் சம்பந்தம் செய்தவர்கள்; தம் பகுதிக்குள் ஏறத்தாழத் தனியரசர்களாகவே நடந்தவர்கள். அவர்களிடம் வளரும் பிள்ளை போர்ப்பழக்கத்தோடு சிற்றரசர்களின் நட்பையும் பெறுவான். தலைநகரின் அதிகாரத்தைச் சற்று அலட்சியமாகப் பார்க்கும் மனப்பான்மையும் கூடவே வரக்கூடும். கல்கியின் நாவலைப் படித்தவர்களுக்குப் பழுவேட்டரையர் என்றதும் ஒரு முகம் கண்முன் நிற்கும். மாட் செய்பவர் அந்த முகத்தைச் சற்று மறந்து கல்வெட்டுகளின் பக்கம் திரும்புவது நலம்.

சில குணங்களை எந்த ஆசானும் கற்பிப்பதில்லை; அவை இடத்தாலும் நெருக்கடியாலும் உண்டாகின்றன. காலத்தால் பிந்தியதெனினும், பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டையோடு சேர்த்துச் சொல்லப்படும் 1751-ஆம் ஆண்டு வாலிகண்டபுரச் சண்டை இதற்கு நல்ல திருஷ்டாந்தம். ஆற்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில், பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிப் ஒருபுறமும், முகமது அலிக்காக ஆங்கிலேயர் மறுபுறமும் வந்து கோட்டையைக் கேட்டபோது, கோட்டைத் தலைவரான கில்லேதார் இருவருக்கும் பிடிகொடாமல் நாட்களைக் கடத்தினார். பொறுமையிழந்து ஆங்கிலேயர் தாக்கியதும் எதிர்த்தரப்பைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். ஆங்கிலப் படை குழம்பிப் பின்வாங்கிற்று. அப்படையோடு வந்திருந்தவர்களுள் இளைஞரான ராபர்ட் கிளைவும் ஒருவர். இரு பெரும் படைகளுக்கு இடைப்பட்ட சிறு கோட்டைக்கு அதிபதியாயிருப்பவனுக்கு, ஆண்டுதோறும் ‘காலங்கடத்துபவன்’ என்ற குணத்துக்குப் புள்ளி சேரும் என்று ஒரு வரி எழுதிவிட்டால், அந்தக் கில்லேதார் நம் ஆட்டத்துக்குள் தாமாகவே வந்துவிடுவார். கோழைத்தனமென்று அதற்குப் பெயர் சூட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இனி, மாட் எழுதி முடித்தபின் அது செல்லுமா என்று பார்ப்பதற்குரிய ஆண்டு 1070. வீரராஜேந்திரன் மறைந்து, அதிராஜேந்திரன் சில காலமே ஆண்டு மடிய, அரியணை ஏறியவன் முதலாம் ராஜேந்திரனின் மகள் அம்மங்கைதேவி வேங்கி மன்னனுக்குப் பெற்ற மகன், முதலாம் குலோத்துங்கன். ‘மெடீவல் 2’-ல் அந்நிய இளவரசனுக்கு மணமுடித்துக் கொடுத்த ராஜகுமாரி நம் பட்டியலைவிட்டே நீங்கிவிடுகிறாள். அவள் பெற்ற பிள்ளை எங்கே வளர்கிறான், என்ன கற்கிறான் என்று நம் கணக்கில் பதிவதேயில்லை. குலோத்துங்கனோ வயிராகரத்திலும் சக்கரக்கோட்டத்திலும் இளமையிலேயே போர் பழகியவன். பிற்பாடு சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர்பெறப் போகிறவன். மகள்வழிப் பேரர்களுக்கும், அவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும், குணப்புள்ளிகள் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டிருக்கும்படி கோப்பில் முதல் நாளே எழுதிவைக்கவேண்டும். பாதியாட்டத்தில் அதைச் சேர்ப்பது அனேகமாக நடவாத காரியம்.