பழைய கார் லோன்: அந்த 10 சதவீதம் எந்த 10 சதவீதம்?

சரவணம்பட்டியில வேலை. மழையில பைக் ஓட்டி அலுத்துப் போய், 4 லட்சத்துக்கு ஒரு பழைய வேகன்ஆர் பாத்து வெச்சிருக்கீங்க. எத்தனையாவது ஓனர், எத்தனை கிலோமீட்டர்னு துருவித் துருவிக் கேட்டு, பேரம் பேசி 10,000 ரூபாய் குறைச்சாச்சு. சந்தோஷம்ங்க. ஆனா பெரிய காசு போறது லோன்ல.

3 லட்சம், 48 மாசம், "வட்டி 10 சதவீதம்தாங்க"ன்னு சொல்வாங்க. அது ஃபிளாட் வட்டியா இருந்தா, நீங்க ஏற்கெனவே அடைச்ச அசலுக்கும் கடைசி மாசம் வரை வட்டி ஓடும். தவணை 8,750, மொத்த வட்டி 1,20,000. இதே 10 சதவீதத்தை மீதி இருக்கற அசலுக்கு மட்டும் போட்டா தவணை சுமார் 7,610, வட்டி 65,000 பக்கம்தான். அதாவது ஃபிளாட் 10ங்கறது உண்மையில 17.5 சதவீதத்துக்கும் மேல! பேரத்துல மிச்சம் பிடிச்ச 10,000 எங்க, இந்த 55,000 எங்க?

2024 அக்டோபர் 1-லிருந்து இந்த மாதிரிக் கடன்களுக்கு வங்கியும் ஃபைனான்ஸ் கம்பெனியும் 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' கொடுக்கணும்ங்கறது ரிசர்வ் வங்கி விதி. கையெழுத்துக்கு முன்னாடியே அதை வாங்கி, ஏ.பி.ஆர். எவ்வளவுன்னு பாருங்க. பிராசசிங் ஃபீஸும் அதுக்குள்ள வந்துடும்.

இன்னொண்ணு. விக்கறவரோட பழைய கடன் ஆர்.சி.யில இருந்தா, பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வராம முழுப் பணத்தையும் கொடுத்துடாதீங்க.