பல கருவிகளுக்கு ஒரே ரிமோட்: எப்படி?

ரிமோட்டின் பொத்தானை அழுத்தும்போது அதன் முனையிலுள்ள சிறு விளக்கு, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை, பெரும்பாலும் நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்குமாறு உமிழ்கிறது. வெயில் இவ்வாறு துடிப்பதில்லை என்பதால், கருவியிலுள்ள ஏற்பி தனக்குரிய ஒளியைப் பிரித்தறிகிறது. பரவலாக வழங்கும் என்இசி நெறிமுறையில், அதாவது கட்டளையைக் குறிகளாக்கும் விதித்தொகுதியில், துடிப்புத் தொகுதிகளுக்கு இடையிலான குறுகிய இடைவெளி 0 என்றும், அதன் மும்மடங்கு நீண்டது 1 என்றும் கொள்ளப்படுகின்றன. பல கருவிகளையும் இயக்கும், வைஃபை வசதியுள்ள பொது ரிமோட்டைக் கற்கும் நிலையில் வைத்துப் பழைய ரிமோட்டை அதை நோக்கி அழுத்தினால், பொது ரிமோட் இந்தக் கால அளவுகளைப் பதிந்துகொண்டு, பின்னர் வைஃபை வழியே கைப்பேசி ஆணையிடும்போது அவ்வாறே உமிழ்கிறது. ஏசி ரிமோட்டுக்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டும்: பெரும்பாலும் அது ஒவ்வோர் அழுத்தத்திலும் வெப்பநிலை, விசிறி வேகம், இயங்குமுறை ஆகிய அனைத்தையும் ஒரே செய்தியாக அனுப்புவதால், 24 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் தனித்தனிக் குறிகளைக் கற்பிக்க வேண்டியுள்ளது.