போடி இரயில் மீண்டது. நம் கடமை முடிந்ததா?

திருநகரிலும் திருப்பரங்குன்றத்திலும் வாழும் நமக்கு இரயில் ஓசை புதிதன்று. 1876-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்ட நாள்தொட்டு, தென்திசை வண்டிகள் நம் ஊர் வழியே சென்றுகொண்டிருக்கின்றன. என்றும் கையருகே இருக்கும் பொருளின் அருமை நமக்குத் தெரிவதில்லை. அதன் அருமையை அறிய வேண்டுமாயின், மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டியிலும் ஆண்டிபட்டியிலும் தேனியிலும் போடிநாயக்கனூரிலும் வாழும் மக்களைக் கேட்க வேண்டும்.

மதுரை–போடி இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 1928-ஆம் ஆண்டு நவம்பரில் அது திறக்கப்பட்டது. மேற்கு மலைத்தொடரில் விளையும் ஏலக்காய், காப்பி, தேயிலை, மிளகு ஆகியவற்றுக்குப் போடியே வாயில். மலையையும் சமவெளியையும் இணைக்க அப்பாதை பிறந்தது. ஆயினும் அது முதுமை அடையுமுன்பே முதல் இடி விழுந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ஆம் ஆண்டில், போக்குவரத்து நிறுத்தப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1950-களின் நடுவில்தான் இரயில் மீண்டும் ஓடியது.

இரண்டாம் பிரிவு நம் காலத்தில் நேர்ந்தது. மீட்டர் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக, 2010-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியோடு வண்டிகள் நிறுத்தப்பட்டன. விரைவில் புது வண்டி வரும் என்று மக்கள் நம்பினர். ஆண்டுகள் உருண்டோடின. ஒதுக்கப்பட்ட நிதியோ சிறிது, பணியோ பெரிது. உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே கணவாயில் பாறையைக் குடைந்து அகலப்படுத்த வேண்டியிருந்தது. பழைய பாலங்களுக்குப் பதிலாகப் புதியன கட்டவேண்டியிருந்தது. இதற்கிடையே, அன்று பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள், ஊருக்குள் இரயிலைக் காணாமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டனர்.

மக்கள் வாளாவிருக்கவில்லை. வணிகர்களும் விவசாயிகளும் பொதுநல அமைப்பினரும் மனுக்கள் அளித்தனர், ஆர்ப்பாட்டங்கள் நடத்தினர், ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தின்போதும் இப்பாதையை நினைவூட்டினர். 2022 மே 26 அன்று மதுரை–தேனி அகலப் பாதை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த 75 கிலோமீட்டருக்கு மட்டும் 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. 2023 ஜூன் 15 அன்று போடிக்கும் இரயில் வந்தது. சென்னைக்கு வாரம் மும்முறை செல்லும் விரைவு வண்டியும் கிடைத்தது. பன்னிரண்டரை ஆண்டுக் காத்திருப்பு முடிவுற்றது.

இனிச் செய்ய வேண்டியது என்ன?

பாதை அமைந்தால் போதுமா? யாருக்குப் பயன்படும் நேரத்தில் வண்டி ஓடுகிறது என்பதே கேள்வி. 2022-இல் தொடங்கிய பயணிகள் வண்டி, காலையில் மதுரையில் புறப்பட்டுத் தேனி சென்று, மாலையில் அங்கிருந்து திரும்பியது. மதுரையிலிருந்து தேனிக்கு வேலைக்குச் செல்வோருக்கு இது நன்று. ஆனால் அரசு இராசாசி மருத்துவமனைக்கு வரும் நோயாளியும், உயர்நீதிமன்றக் கிளைக்கு வழக்குக்காக வரும் ஏழை விவசாயியும், கல்லூரி மாணவியும் எதிர்த்திசையில் அன்றோ வரவேண்டும்? விடியற்காலையில் போடியில் புறப்பட்டு, அலுவலக நேரத்திற்கு முன் மதுரை சேரும் வண்டியே அவர்களுக்கு உதவும். இக்கோரிக்கை நியாயமானது.

சரக்குப் போக்குவரத்தையும் நாம் மறத்தலாகாது. ஏலக்காய் எடை குறைந்தது, விலை மிகுந்தது. அது லாரியிலேயே எளிதாகச் சென்றுவிடும். உரம், அரிசி, சிமெண்டு போன்ற கனமான பொருள்களுக்கே இரயில் பெரிதும் ஏற்றது. ஆனால் சரக்கு வண்டி என்பது ஏறத்தாழ 40 பெட்டிகள் கொண்ட நீண்ட தொடர். தனி ஒரு விவசாயியால் அதனை நிரப்ப இயலாது. ஆகவே பலரும் கூட்டுறவாக இணைந்து சரக்கைத் திரட்ட வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை போன்ற விரைவில் கெடும் விளைபொருள்களுக்குப் பயணிகள் வண்டியிலேயே பார்சல் பெட்டி கேட்க வேண்டும்.

கடல் கடந்த ஒரு படிப்பினை

ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோவிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை, நட்டம் எனக் கூறி 1969 ஜனவரியில் மூடப்பட்டது. கடைசி வண்டி சென்ற இரவில் நியூகாசில்டன் என்னும் சிற்றூரின் மக்கள் இரயில் கடவையை மூடி மறித்தனர். அவர்களுடன் நின்ற அவ்வூர்ச் சபையின் போதகர் கைது செய்யப்பட்டார். தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. 46 ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில், அப்பாதையின் வடபகுதி மட்டும் மீண்டும் திறக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பயணங்கள் நிகழ்ந்தன. நட்டம் என்று மூடிய பாதையை மக்கள் நிரப்பிக் காட்டினர். எனினும் போராடிய அந்தச் சிற்றூருக்கு இன்றளவும் இரயில் திரும்பவில்லை. இழந்ததை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு இது சான்று.

எனவே, பங்குக் குடும்பத்தினரே, கிடைத்த வண்டியைப் பயன்படுத்துவோம். தேனிப் பக்கம் திருமணத்திற்கோ திருவிழாவிற்கோ உறவினர் வீட்டிற்கோ செல்லும்போது, நேரம் இசையுமாயின், இரயிலில் செல்வோம். தவறாது பயணச்சீட்டு வாங்குவோம். எத்தனை சீட்டுகள் விற்றன என்பதே நாளை அதிகாரிகள் புரட்டிப் பார்க்கும் கணக்கு. நேரமாற்றம் வேண்டுமாயின், ஊரார் கூடிக் கையொப்பமிட்ட மனுவை மதுரைக் கோட்ட மேலாளருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புவோம். ஒருவர் குறை கூறினால் அது முணுமுணுப்பு. ஊரே ஒன்றுபட்டுக் கேட்டால் அது உரிமைக் குரல். தண்டவாளத்தை அரசு அமைத்துத் தந்தது. அதில் வண்டி தொடர்ந்து ஓடுவது நம் கையிலும் இருக்கிறது.