ஒன்பதாயிரத்துக்குக் கணக்கு உண்டு

திருச்சுழி ஒன்றியத்தில் 2019 டிசம்பரில் ஊராட்சி வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றவர், அதிகபட்சம் 9,000 ரூபாய் செலவழிக்கலாம் என்றது மாநிலத் தேர்தல் ஆணையம். ஊராட்சித் தலைவருக்கு 34,000. ஒன்றியக் கவுன்சிலருக்கு 85,000. மாவட்டக் கவுன்சிலருக்கு 1,70,000. நோட்டீஸ் அடித்தது, ஆட்டோவில் குழாய் கட்டியது, கூட வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தது எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மானாவாரியில் மிளகாய் போட்டு, மழை பொய்த்தால் திருப்பூருக்குப் பிழைக்கப் போகும் ஊர்க்காரருக்கும் அதே படிவம்தான். சட்டமன்றத்துக்கு வந்தால் வரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். கணக்குப் புத்தகமும் தடிக்கிறது. வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்புத் தாளில் ரொக்கம், மஞ்சள் தாளில் வங்கிக் கணக்கு. வேட்பாளர் எழுதியதைச் சரிபார்க்க அதிகாரிகள் தனியாக ஒரு நிழல் பதிவேடு வைத்திருக்கிறார்கள். டீ, வடை, பிளாஸ்டிக் நாற்காலி வாடகை என ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் போடுகிறார். (திருச்சுழி இருப்பது விருதுநகர் மாவட்டத்தில், ஆனால் மக்களவைக்கு ராமநாதபுரம் தொகுதி. எம்.பி. வேட்பாளரின் வடைச் செலவைப் பார்க்க ஆசைப்படும் வாக்காளர் பக்கத்து மாவட்டத்துக் கோப்பைத் தேட வேண்டும் என்பது தனிக்கதை.)

இவ்வளவு கறாரான சட்டம், அந்த வேட்பாளரை நிறுத்திய கட்சி எவ்வளவு செலவழிக்கலாம் என்று மட்டும் கேட்பதில்லை. கட்சிக்கு உச்சவரம்பே கிடையாது. உச்ச நீதிமன்றம் ஒருமுறை இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. டெல்லி சதர் தொகுதி வழக்கில், வேட்பாளருக்காகக் கட்சி செய்த செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்று 1974 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் அன்றைய இந்திரா காந்தி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. 2003-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், அப்போதும் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும், வேட்பாளர் பெயரைச் சொல்லாத பொதுப் பிரசாரமும் வெளியேதான் நின்றன. விளைவு என்ன? 2009 மக்களவைத் தேர்தலில் கணக்குக் கொடுத்த 6,753 வேட்பாளர்களை ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் ஆராய்ந்தபோது, வரம்பைத் தாண்டியதாக ஒப்புக்கொண்டவர்கள் நான்கே பேர். மிகப் பெரும்பாலோர் வரம்பில் பாதியைத்தான் செலவழித்ததாக எழுதியிருந்தார்கள். நம் தேர்தல்களைக் கண்ணால் பார்த்த எவரும் இதை நம்பமாட்டார். கணக்கை வாங்கி அடுக்கி வைப்பவர்களும் நம்பியிருக்கமாட்டார்கள்.

செலவுப் பக்கம் இப்படி என்றால், வரவுப் பக்கம் அதைவிட மோசம். 2018-ல் வந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில் ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் யார் என்று வாக்காளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்த பிறகுதான் பட்டியல் வெளியே வந்தது. அதிகப் பத்திரம் வாங்கியது கோவை லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம்: 1,368 கோடி ரூபாய். திமுகவுக்குப் பத்திரங்கள் வழியே வந்த சுமார் 656 கோடியில் 509 கோடி அந்த ஒரே நிறுவனத்தினுடையது. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை. திமுக அந்தப் பெயரைத் தானே இந்தியத் தேர்தல் ஆணையத்திடம் எழுதிக் கொடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆறாயிரம் கோடிக்கு மேல் பெற்ற பாஜக கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லவில்லை. ஐக்கிய ஜனதா தளமோ, பாட்னா அலுவலகத்தில் யாரோ ஒரு உறையை வைத்துவிட்டுப் போனார்கள், பிரித்தால் பத்துக் கோடிக்குப் பத்திரம் இருந்தது என்று எழுதிக் கொடுத்தது. திருச்சுழியில் 2011, 2016, 2021 மூன்று முறையும் வென்றவர் திமுகவின் தங்கம் தென்னரசு. 2021-ல் அவருக்கு வாக்களித்தவரோ எதிர்த்து வாக்களித்தவரோ, எந்தக் கட்சி யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று அறிந்து வாக்களித்திருக்க வழியே இல்லை. வார்டு வேட்பாளரின் ஒன்பதாயிரம் மட்டும் திறந்த புத்தகம்.

கொடுத்தவர் பெயர் தெரிந்தால் ஆளுங்கட்சி பழிவாங்கும், அதனால்தான் ரகசியம் என்று ஒன்றிய அரசு வாதாடியது. பயம் பொய்யில்லை. ஆனால் யார் பத்திரம் எந்தக் கட்சிக்குப் போனது என்று காட்டும் எண் ஸ்டேட் வங்கியிடம் இருந்தது. அந்த வங்கி யார் கையில் இருக்கிறது? ரகசியம் எதிர்க்கட்சிக்கும் வாக்காளருக்கும்தான். அரசியல் சார்பை மறைத்துக்கொள்ளும் உரிமை சாமானியருக்கு வேண்டும் என்பதை நீதிமன்றமும் ஏற்றது. அதற்கு 20,000 ரூபாய் வரையிலான நன்கொடைக்குப் பெயர் வெளியிட வேண்டாம் என்ற பழைய விதியே போதும். ஐந்நூறு கோடி கொடுப்பவர் தன் கொள்கைப் பிடிப்பை அடக்கமாக ஒளித்து வைத்திருக்கிறார் என்று வாதிடத் தனித் துணிச்சல் வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுத் தேர்தலைத் தீர்மானிப்பது வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு வீடு தேடி வரும் ரொக்கம். அதற்கு ஏது ரசீது? அருப்புக்கோட்டைக்கு வடக்கே இருக்கும் திருமங்கலம், 2009 இடைத்தேர்தலால் ஓட்டுக்குப் பணம் தரும் ஒரு சூத்திரத்துக்கே பெயர் கொடுத்தது. ஆர்.கே. நகரில் 89 கோடி ரூபாய் விநியோகப் பட்டியல் சிக்கி 2017 ஏப்ரலில் இடைத்தேர்தல் ரத்தானது, 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தல். வெள்ளைப் பணத்துக்கு வெளிச்சம் போட்டால் கறுப்புப் பணம் நின்றுவிடாது, உண்மை. பறக்கும் படையால்கூட அதைப் பெரிதாகத் தடுக்க முடியவில்லை. ஆடு விற்ற பணத்தோடு வரும் வியாபாரி ஐம்பதாயிரத்துக்கு ஆவணம் காட்ட முடியாமல் திணறுவதுதான் ஒவ்வொரு தேர்தலிலும் வரும் செய்தி. ஆனாலும் அந்த ரொக்கம் யாரோ ஒருவர் போட்ட முதல். போட்டவர் அதைத் திருப்பி எடுப்பது குவாரி குத்தகையில், சாலை ஒப்பந்தத்தில், கொள்கை முடிவில். கொடுக்கும் இடத்தில் பிடிக்க முடியாததை எடுக்கும் இடத்தில் பிடிக்கலாம். அங்கே எல்லாம் அரசாணையாக, கோப்பாக இருக்கிறது.

எடுக்கும் இடத்தில்தான் நம்மிடம் சட்டமே இல்லை. அமைச்சரையும் செயலாளரையும் யார் எதற்காகச் சந்தித்தார் என்று பதிய வேண்டிய கட்டாயம் இந்தியாவில் எங்கும் கிடையாது. வால்மார்ட் இந்தியச் சந்தையில் நுழைவது உள்ளிட்ட காரியங்களுக்காக ஆதரவு திரட்டச் செலவழித்தது 2012-ல் நமக்குத் தெரிந்ததே, அமெரிக்கச் சட்டப்படி அங்கே அது தாக்கல் செய்த அறிக்கையால்தான். இங்கே ஒரு நபர் விசாரணைக் குழு அமைத்தார்கள். மறு ஆண்டு மக்களவையில், இப்படி ஆதரவு திரட்டுவதை வெளியிடக் கோரி வந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

டெல்லி செய்யும் வரை சென்னை காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், ஊழல் புகாரில் ஆளுநர் பதவி விலகிய மறு ஆண்டே, 2005-ல், அரசு ஒப்பந்தக்காரர்கள் மாநிலத் தேர்தலுக்கு நன்கொடை கொடுப்பதைத் தடை செய்தது. நம்மிடம் 1998-லிருந்தே ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. அதையொட்டி ஒரு விதி கொண்டுவரலாம். டெண்டர் போடுபவரும் குவாரி குத்தகை கேட்பவரும், கடந்த ஐந்தாண்டில் தானும் தன் குடும்பமும் எந்தக் கட்சிக்கு, எந்த வேட்பாளருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு தாள் இணைக்க வேண்டும். அது அப்படியே இணையத்தில் ஏற வேண்டும். நிறுவனச் சட்டம் கம்பெனிகளைத்தான் கேட்கிறது. ஊர்ச்சாலை போடும் ஒப்பந்தக்காரர்களில் பலர் கம்பெனியே அல்ல. மச்சான் பெயரில் கொடுப்பார்களே என்பார்கள். கொடுக்கட்டும், பொய்யாக எழுதியது பின்னால் அம்பலமானால் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கையெழுத்திட்ட தாள் இருக்கும், இன்று அதுவும் இல்லை. 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு விதி எழுதுவதும் மாநிலத்தின் அதிகாரம். வார்டு உறுப்பினரின் டீக்கணக்கை வேண்டுமானால் விட்டுவிடலாம். திருச்சுழி ஒன்றியத்தில் அடுத்த சாலைக்கு விடும் டெண்டரில் அந்த ஒரு தாளைக் கேட்கலாம்.