ஊறுகாய் ஜாடியின் பூர்வீகம்

கோடையில் மூங்கில்துறைப்பட்டில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். மாங்காய் ஊறுகாய் போடுகிற சமயம். பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பீங்கான் ஜாடி இறங்கியது. மேல் பாதி பழுப்பு, கீழ்ப் பாதி வெள்ளை.

"இது எதுக்கு அண்ணி, இடத்த அடைச்சிக்கிட்டு? பிளாஸ்டிக் டப்பா கைக்கு லேசா இருக்கு. பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள்.

திண்ணையிலிருந்து அவள் மாமியார் குரல் கொடுத்தார்: "போட்டுடாதம்மா! எங்கம்மா எனக்குச் சீரா குடுத்தது. வருஷம் ரெண்டானாலும் அதுல ஊறுகா கெடாது."

அந்த அம்மாள் சொன்னதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது தெரியுமா?

மூங்கில்துறைப்பட்டு என்றாலே சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். தென் மாவட்டங்களில் சர்க்கரையைச் 'சீனி' என்போம். வடநாட்டிலோ பீங்கானுக்குச் 'சீனி மிட்டி', அதாவது சீன மண், என்று பெயர். இரண்டிலும் சீனா ஒளிந்திருக்கிறது!

நம் மண்பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அதனால்தான் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. ஆனால் உப்பும் புளிப்பும் எண்ணெயும் அதற்குள் ஊறிவிடும். சீனர்கள் வெள்ளைக் களிமண்ணோடு ஒருவகைக் கல்லைப் பொடித்துச் சேர்த்து, ஏறக்குறைய 1300 டிகிரி சூட்டில் சுட்டார்கள். மண் கண்ணாடிபோல் இறுகி, துளைகள் அடைபட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்குக் கைவந்த இந்த வித்தை, ஐரோப்பியர்களுக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பிடிபட்டது. 1710-ல் ஜெர்மனியின் மைசன் நகரில் ஆலை வைத்தார்கள்.

நம்மவர்களோ சீனப் பாண்டங்களை வெகு காலம் முன்பே கையாண்டவர்கள். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர்களின் தூதர்கள் சீன அரசவைக்குப் போனார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டைத் தோண்டியபோது சீனப் பாண்ட ஓடுகள் கிடைத்தன. ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. இளம்பச்சை மெருகுள்ள ஓடுகள், வெள்ளையில் நீலச் சித்திரம் போட்டவை, பழுப்பு நிறப் பாண்டத் துண்டுகள் என்று பலவும் அங்கே கிடைத்திருக்கின்றன. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் இவற்றை ஆராய்ந்தார்கள்.

நம் ஊறுகாய் ஜாடி அந்த மெல்லிய சீனப் பீங்கானின் ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். தடிமனானது, வெளிச்சம் ஊடுருவாது. ஆனால் அதிகச் சூட்டில் மண்ணை இறுக்கி, மேலே கண்ணாடி மெருகு ஏற்றும் அதே வித்தைதான். அதனால் உப்பு அரிக்காது, புளிப்பு ஒட்டாது, பழைய வாசனையும் தங்காது.

உங்கள் வீட்டிலும் பாட்டி காலத்து ஜாடி இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

விரலால் சுண்டிப் பாருங்கள். 'கணீர்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் எங்கோ விரிசல் இருக்கலாம்.

உள்ளே மெருகு பெயர்ந்திருந்தால் ஊறுகாய்க்கு வேண்டாம். அரிசி, பருப்பு போட்டுக்கொள்ளலாம்.

கழுவி, வெயிலில் ஈரமில்லாமல் காயவைத்த பிறகே நிரப்புங்கள். கொதிக்கக் கொதிக்க எண்ணெய் ஊற்றாதீர்கள், ஜாடி வெடித்துவிடும்.

பளபளக்கும் வண்ணப் பூப்போட்ட பழைய பாத்திரங்களிலும் அலங்கார ஜாடிகளிலும் புளிப்பான பண்டம் வைக்காதீர்கள். சில வண்ணங்களிலும் மெருகிலும் ஈயம் உண்டு. புளிப்பு அதைக் கரைத்துவிடும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயம் பெரிய கெடுதல்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் நாத்தனார் ஜாடியைச் சுண்டினாள். கணீர்! திண்ணையில் இருந்த மாமியாரின் முகம் மலர்ந்தது. மறுநாள் வெயிலில் ஜாடி காய்ந்தது. அதற்கடுத்த நாள் மாங்காய் அதில் இறங்கியது.

"எண்ணெய் மேல நிக்கணும்டியம்மா" என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார் அந்த அம்மாள்.