காற்றைக் கண்ணால் காணலாமா?

நெட்டப்பாக்கத்தில் அறுவடை யந்திரங்கள் வருவதற்கு முன்பு, களத்து மேட்டில் முறத்தை உயர்த்தி நெல் தூற்றுவார்கள். மணி காலடியில் விழும். பதர் காற்றோடு போகும். காற்றை எவரும் கண்டதில்லை. ஆயினும் அது போகும் வழியையும் வேகத்தையும் பதர் காட்டிவிடும்.

ஆகாய விமானம் கட்டுகிறவர்களுக்கும் இத்தகைய பதர் ஒன்று வேண்டியிருக்கிறது. இறக்கையைத் தழுவிக் காற்று ஒழுங்காக ஓடும் வரையில் விமானத்துக்குப் பயமில்லை. அது இறக்கையை விட்டுப் பிரிந்து குழம்பினால் ஆபத்துதான்.

இதை விளக்குவதற்காக வகுப்பில் ஓர் அட்டையை இறக்கைபோல் வளைத்து, அதன்மேல் சிறு நூல்களை ஒட்டி, மின்விசிறியின் எதிரே பிடித்தோம். அட்டை சற்றே நிமிர்ந்திருந்தபோது நூல்கள் படிந்து கிடந்தன. மேலும் நிமிர்த்தியதும் அவை துடித்தன. சில பின்னோக்கியும் திரும்பின. காற்றுச் சுரங்கம் என்னும் பெரிய கூண்டுகளில் விஞ்ஞானிகள் செய்வதும் இதுவே. 1959-ல் தோன்றிய தேசிய விமான ஆராய்ச்சிக் கூடம் பெங்களூரில் அத்தகைய சுரங்கங்களை அமைத்து நடத்தி வருகிறது.

நூலும் புகையும் இல்லாமல், கணக்கினாலேயே காற்றைக் காணும் வழியும் உண்டு. அதற்கு ஆதாரமான சமன்பாடுகளை, ஒரு காலத்தில் நம் ஊரை ஆண்ட பிரெஞ்சு தேசத்தவரான நாவியே 1822-ல் வகுத்தார். ஸ்டோக்ஸ் என்பவர் 1845-ல் செம்மைப்படுத்தினார். விமானத்தைச் சுற்றியுள்ள வெளியை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் கம்ப்யூட்டர் கணக்கிடும். இந்த வேலைக்கென்றே பெங்களூர்க் கூடத்தார் 1986-ல் 'ஃபுளோஸால்வர்' என்னும் யந்திரத்தைத் தாமே உருவாக்கினர். விடையாக வரும் எண்களைச் சித்திரமாக்கினால் அழுத்தம் மிகுந்த இடம் சிவப்பாகவும் குறைந்த இடம் நீலமாகவும் தோன்றும். காற்றின் பாதைகள் கோடுகளாக ஓடும்.

இனி, ஸிமுலேட்டர் என்னும் பாவனை விமானத்துக்கு வருவோம். விமானி தரையிலேயே அமர்ந்திருப்பார். எதிரே திரையில் வானமும் ஓடுபாதையும் தோன்றும். அவர் கைப்பிடியை இழுத்த கணமே விமானம் எப்படித் திரும்பும் என்று யந்திரம் சொல்லியாக வேண்டும். முழுக் கணக்கைப் போட அவகாசம் ஏது? ஆகையால் சுரங்கத்திலும் கம்ப்யூட்டரிலும் முன்பே கண்ட விடைகளைப் பெரிய வாய்பாடாக எழுதி வைத்திருப்பார்கள். யந்திரம் அதைப் புரட்டிப் பார்த்தே பதில் சொல்லுகிறது. ஸிமுலேட்டரில் காட்டும் வர்ணச் சித்திரங்களும் பெரும்பாலும் முன்பே கணக்கிட்டு வைத்தவைதாம். விமானம் ஏன் அப்படி நடந்துகொண்டது என்பதை அவை எஞ்சினீயருக்கு விளக்குகின்றன.

இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "அந்த வாய்பாடே தப்பாக இருந்தால் விமானி என்ன ஆவார், ஐயா?" என்று கேட்டாள்.

விஷயத்தின் உயிர்நாடியே அக்கேள்வியில்தான் இருக்கிறது. தேஜஸ் என்னும் நமது போர் விமானம், விரைந்து திரும்பவேண்டும் என்பதற்காகத் தானாக நிலைகொள்ளாத சுபாவத்துடனேயே அமைக்கப்பட்டது. இடைவிடாது கணக்கிட்டு அதை நேராக நிறுத்துவது கம்ப்யூட்டர். அந்தக் கணக்குப் பிழைத்தால் எத்தனை தேர்ந்த விமானியும் அதை அடக்க இயலாது. 1998-ல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தன் உதவியை நிறுத்திக்கொண்டது. அங்கே வேலை செய்துவந்த நம் எஞ்சினீயர்கள் வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தது. மனம் தளராமல் பெங்களூரிலேயே அவ்வேலையை முடித்தனர். விமானிகள் ஸிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பறந்து பார்த்தனர். 2001 ஜனவரி 4-ந் தேதி விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் தேஜஸில் ஏறி, மெய்யான காற்றில் பறந்து பத்திரமாக இறங்கினார்.

அத்துடன் வேலை முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு பறத்தலிலும் கிடைத்த அளவுகளை வாய்பாட்டோடு ஒப்பிட்டுத் திருத்தியபின்பே, வேகத்தையும் திருப்பத்தையும் படிப்படியாகக் கூட்டினார்கள்.

தப்பான கணக்கும் அழகான சித்திரத்தைத் தரும். சிவப்பும் நீலமும் கண்ணைக் கவரும். அவற்றால் மட்டும் உண்மை நிலைநாட்டப்பட்டதாகாது. கணக்கைச் சுரங்கமும், சுரங்கத்தை வானமும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். வாய்பாடு எட்டாத இடத்தில் பாவனை விமானம் சொல்வது வெறும் ஊகமே என்பதை மறக்கலாகாது.

1954 மார்ச் 31-ந் தேதி, பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடி ஏறியது. இன்றும் அக்கொடி நம் ஊரில் பறக்கையில் காற்று வரும் திசையைச் சிறுவரும் சொல்லிவிடுவர். அச்சிறுவரில் சிலரேனும் நாளை காற்றுக்குக் கணக்கெழுதப் போவார்களானால், இம்மாணவியின் கேள்வியையும் உடன் எடுத்துச் செல்லட்டும். வானில் இருக்கும் விமானிக்கு அதைவிடப் பெரிய காவல் வேறில்லை.